டொங்கிள் காலம், சந்தாக் காலம்

கொழும்பில் காணி வாங்குகிறவர் உறுதியை எழுத்தெழுத்தாக வாசிக்கிறார். நொத்தாரிசை இரண்டு தடவை கேட்கிறார். பேர்ச் விலையைக் கேட்டுத் தலையில் கை வைக்கிறார். உறுதியோடு வரும் பிளானை மட்டும் மடித்தபடியே பைக்குள் வைத்துவிடுகிறார். சேவையரின் கையெழுத்து இருக்கிறது, அளவு இருக்கிறது, அது போதும். அந்த அளவை எந்த மென்பொருள் கணக்குப் பார்த்தது, அந்த மென்பொருள் போன மாதம் தன்பாட்டில் அப்டேட் ஆனதா என்றெல்லாம் வாங்குகிறவர் எவரும் கேட்பதில்லை. அவர் கேட்கவும் தேவையில்லை. அதைப் பார்க்கத்தானே சேவையர் இருக்கிறார்.

சேவையருக்கு இது அன்றாடத் தலையிடி. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு மென்பொருளைக் கொண்டுவந்து தந்தவரும், பழுது வந்தால் ஓடி வந்தவரும், பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தவரும் ஒரே ஆள். இன்று மென்பொருள் இணையம் வழியாகத் தானாக வருகிறது. உதவி கேட்டால் வேறொரு நாட்டிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. படிப்பு அவரவர் பாடு. ஒன்றாக இருந்த மூன்று காரியங்கள் மூன்று திசையில் போய்விட்டன. பிளானில் கையெழுத்து வைக்கிறவர் மட்டும் இன்னும் ஒருவர்தான்.

மடக்கை வாய்பாட்டுக்கு அப்டேட் இல்லை

இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி, ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தின் காலத்தில் தொடங்கியது. முதல் நில அளவையாளர் நாயகம் ஜோசப் ஜொன்வில். இன்று அதன் தலைமையகம் கொழும்பு 5, கிருல வீதியில் இருக்கிறது. அளவையாளர்களைப் பயிற்றும் நிறுவனமோ மலைநாட்டில், தியத்தலாவையில். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கந்தோர் வைத்திருந்த பல பழைய சேவையர்களுக்குத் தியத்தலாவைக் குளிரைப் பற்றிச் சொல்ல ஒரு கதையாவது இருக்கும்.

அந்தத் தலைமுறையின் மென்பொருள் மடக்கை வாய்பாடு. களத்தில் தியோடலைட்டும் சங்கிலியும். குண்டர் சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஏக்கருக்கு நான்கு ரூட், ரூட்டுக்கு நாற்பது பேர்ச். இந்த வாய்பாடு ஒருமுறை மனதில் பதிந்தால் ஓய்வு பெறும்வரை அதில் மாற்றம் வராது. கைப்பிடி சுற்றும் கணிப்பான்கள் வந்தன. பிறகு 1979இல் ஹியூலெட் பக்கார்டின் எச்பி-41சி வந்து, அளவைக் கணக்குகளுக்கென்றே ஒரு நிரல் தொகுதியைச் செருகிக்கொள்ளும் வசதியைத் தந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த கணினி என்றே அதைச் சொல்லலாம்.

படிப்பு என்பது மூத்த சேவையரின் பின்னால் நடப்பது. முதலில் சங்கிலி பிடிக்க வேண்டும், பிறகு களப்புத்தகம் எழுத வேண்டும். கணக்குப் போட விடுவதற்கு வெகு காலம் எடுக்கும். சுற்றளவைச் சுற்றி வந்து தொடங்கிய புள்ளியில் முடிக்கும்போது எவ்வளவு விலகியிருக்கிறது, அந்த மூடு பிழையை எப்படிப் பங்கிடுவது என்பதைப் பொடியன் தன் கையால் போட்டுப் பழக வேண்டும். பிழை கூடினால் மூத்தவர் தாளைத் திருப்பித் தருவார், காரணம் சொல்லமாட்டார். மறுபடி களத்துக்குப் போனால் காரணம் தானாகத் தெரியும்.

பெட்டியோடு வந்தவர்

ஆட்டோகேட் என்ற வரைதல் மென்பொருள் உலகச் சந்தைக்கு வந்தது 1982 டிசம்பரில். கொழும்பின் தனியார் சேவையர் கந்தோர்களில் கணினி பரவலானது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, தொண்ணூறுகளில்தான். அப்போது மென்பொருள் என்பது கையால் தூக்கிப் பார்க்கக்கூடிய பொருள். தடித்த அட்டைப் பெட்டி, அதற்குள் வரிசை இலக்கமிட்ட பிளொப்பி வட்டுகள், தலையணை மொத்தத்தில் கையேடுகள், கூடவே டொங்கிள் என்ற சிறு கட்டை. இருபத்தைந்து ஊசி கொண்ட அந்தக் கட்டையைக் கணினியின் பின்புறத்தில் அச்சுப்பொறி செருகும் இடத்தில் மாட்டி, அதன் முதுகில் அச்சுப்பொறியின் கேபிளை மாட்ட வேண்டும். டொங்கிள் இல்லாவிட்டால் மென்பொருள் திறக்காது. அதனால் இரவில் கந்தோரைப் பூட்டும்போது டொங்கிளைக் கழற்றிப் பணப்பெட்டிக்குள் வைத்தவர்கள் உண்டு. கணினி களவுபோனால் இன்னொன்று வாங்கலாம். டொங்கிள் போனால் மென்பொருளையே திரும்ப வாங்க வேண்டும்.

பெட்டியோடு முகவர் நிறுவனத்தின் ஆளும் வருவார். டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியை விற்றவர்களே பெரும்பாலும் மென்பொருளையும் விற்றார்கள். கருவியிலிருந்து கணினிக்குத் தரவு இறக்குவதுதான் எல்லோருக்கும் முதல் கண்டம். ஒன்பது ஊசிக் கேபிள். கருவியில் ஒரு வேகம், கணினியில் இன்னொரு வேகம் என்று வைத்திருந்தால் திரையில் கிறுக்கல் எழுத்துகள் கொட்டும். 1200ஆ, 9600ஆ, பரிட்டி இரட்டையா ஒற்றையா, நிறுத்தக் குறி ஒன்றா இரண்டா? இந்த அமைப்புகள் எல்லாம் இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் புள்ளிகள் ஒழுங்காக வரிசையில் இறங்கும். அந்த ஆள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அமைப்புகளைச் சரிசெய்து, ஒரு வெள்ளைத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போவார். அந்தத் தாள் மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, கணினி மாறிய பிறகும் புதுத் திரைக்கு இடம்பெயரும்.

“சேர், இதில ஒண்டும் கை வைக்காதேங்கோ. வேலை செய்யுதெண்டால் அப்பிடியே விடுங்கோ” என்பது அவர் போகும்போது சொல்லும் வசனம். அன்றைய அப்டேட் கொள்கை முழுவதும் அதற்குள் அடக்கம். புதுப் பதிப்பு வருவதற்கு ஆண்டுகள் ஆகும். வந்தாலும் காசு பார்த்து, வேலை குறைந்த மாதம் பார்த்து, ஆறுதலாகத்தான் ஏற்றுவார்கள். பழைய பதிப்பிலேயே பத்து வருடம் ஓட்டிய கந்தோர்களும் இருந்தன. பிளானில் பதிப்பு இலக்கம் தெரியப்போவதில்லை.

வடக்கில் இருந்த சேவையர்களுக்கு அந்த உதவிகூட எட்டவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மின்கலமே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. மின்கலம் இல்லாத டோட்டல் ஸ்டேஷன் வெறும் கண்ணாடிப் பெட்டி. ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மூடி, யுத்தம் முடிந்த 2009இல்தான் மறுபடி நிலையாகத் திறந்தது. இடைப்பட்ட காலங்களில் வெளிநாட்டுக் கடதாசி அலுவலாகக் கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் வந்து தங்கியவர்கள் போலவே, கருவியும் கணினியும் சார்ந்த வேலைகளுக்கும் வடக்கிலிருந்து கொழும்புக்குத்தான் வர வேண்டியிருந்தது. கொழும்பிலும் அளவை வேலை நிம்மதியாக நடந்ததென்று சொல்ல முடியாது. தெருவில் முக்காலி விரித்து அதன்மேல் வில்லை பொருத்திய கருவியை வைக்கிற தமிழர் ஒருவர், சோதனைச் சாவடிகள் நிறைந்த அந்தக் காலத்தில் அளக்கத் தொடங்குமுன் விளக்கம் சொல்லத் தொடங்க வேண்டியிருந்தது.

பேர்ச் தெரியாத மென்பொருள்

வெளிநாட்டில் எழுதப்பட்ட மென்பொருளுக்குப் பேர்ச் என்றால் என்னவென்று தெரியாது. அது சதுர மீற்றரில் விடை சொல்லும். வெள்ளவத்தையில் வீடு விற்கிறவருக்குச் சதுர மீற்றர் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர் மனதுக்குள் பரப்புக் கணக்குத்தான் போடுவார். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே பரப்புக்குப் பத்துப் பேர்ச். இந்த இடைவெளியை நிரப்பியது ஆட்டோலிஸ்ப். 1986இல் ஆட்டோகேட்டோடு சேர்ந்து வந்த இந்தச் சிறு நிரல் மொழியில், நம் ஊர் வரைஞர்களில் கெட்டிக்காரர் சிலர் எல்லைக்கோட்டைத் தொட்டவுடன் ஏக்கர், ரூட், பேர்ச் என்று பிரித்து எழுதும் நிரல்களை எழுதினார்கள். எழுதியவர் பெயர் இல்லாமலே அவை பிளொப்பியில் கந்தோர் விட்டுக் கந்தோர் போயின. இன்று அதே நிரல்கள் வாட்ஸ்அப்பில் போகின்றன.

ஒரு பேர்ச் 25.2929 சதுர மீற்றர். 202.34 சதுர மீற்றர் காணியை இதனால் வகுத்தால் சரியாக எட்டுப் பேர்ச் வரும். யாரோ ஒருவர் நிரலில் சோம்பலாக 25 என்று போட்டுவிட்டால் 8.09 வரும். இல்லாத 0.09 பேர்ச், அதாவது இரண்டே கால் சதுர மீற்றர். ஒரு பேர்ச் பல இலட்சங்களுக்கு விலைபோகும் காலி வீதியோரத்தில் அதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. இந்த நிரல்களை யாரும் பரிசோதித்துச் சான்று கொடுப்பதில்லை. மென்பொருளின் புதுப் பதிப்பு வரும்போது அவற்றில் சில மௌனமாக வேலையை நிறுத்திவிடும். அதுகூடப் பரவாயில்லை, நின்றது தெரியும். பிழையான எண்ணோடு தொடர்ந்து ஓடுகிற நிரல்தான் ஆபத்து. அப்டேட் எதுவும் அதைத் திருத்தாது, ஏனென்றால் தயாரித்த நிறுவனத்துக்கு அப்படியொரு நிரல் இருப்பதே தெரியாது.

அந்தக் காலத்தில் ஒளித்து வைக்க முடியாத இன்னொரு உண்மை களவுப் பிரதி. நகரத்தில் சீடிக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால் உலகின் விலையுயர்ந்த மென்பொருள்கள் ஒரே தட்டில் கிடைத்தன. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பு அளித்தது. சட்டத்தைவிட, களவுப் பிரதியின் உண்மையான விலை வேறிடத்தில் தெரிந்தது. அதற்கு உதவி கேட்க ஆள் இல்லை, அப்டேட் இல்லை, பயிற்சிக்கு அழைப்பும் வராது. அப்படி வாங்கியவர் தான் அரைகுறையாகத் தெரிந்துகொண்டதை வைத்தே காலம் தள்ள வேண்டியிருந்தது.

வாடகைக்கு வந்த மென்பொருள்

2016 பெப்ரவரியிலிருந்து ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேட்டைப் புதிதாக நிரந்தர உரிமத்தில் விற்பதை நிறுத்தியது. காசு கட்டும்வரை பயன்படுத்தலாம், கட்டாவிட்டால் திறக்காது. மற்ற நிறுவனங்களில் பலவும் ஏதோ ஒரு வடிவத்தில் அதே வழிக்கு வந்துவிட்டன. டொங்கிளின் இடத்தை மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் பிடித்துக்கொண்டன. சொந்த வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்குப் போனது போன்ற மாற்றம்: ஓடு உடைந்தால் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், ஆனால் சுவரில் ஆணி அடிக்கவும் அவரைக் கேட்க வேண்டும், வாடகையைக் கூட்டினால் மறுபேச்சு இல்லை.

வாடகை டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதத்தில் அது 360ஐத் தொட்டது. சேவையரின் கட்டணம் ரூபாயில் அப்படியே நின்றது, சந்தாத் தொகை ரூபாய்க் கணக்கில் முக்கால் பங்குக்கு மேல் கூடியது. காணி விற்பனையும் கட்டட வேலையும் படுத்துவிட்ட நேரம் அது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. டோட்டல் ஸ்டேஷனுக்கு மின்னேற்ற ஒரு நேரம், கணினியில் வரைய இன்னொரு நேரம் என்று மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் வேலையை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. உரிமத்தைச் சரிபார்க்க மென்பொருள் இணையத்தைத் தேடும் நேரத்தில் வீட்டு ரவுட்டரும் அணைந்திருக்கும்.

இப்படியான நெருக்கடியில் திறந்த மூல மென்பொருள்கள் ஒரு வழியாகத் தெரிகின்றன. கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கிய கியூஜிஐஎஸ் என்ற புவியியல் தகவல் மென்பொருள் அவற்றில் முக்கியமானது. 2009இல் முதல் முழுப் பதிப்பு, 2018இல் மூன்றாம் தலைமுறை. விலை இல்லை, சந்தா இல்லை. நான்கு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருகிறது. அதோடு, நீண்ட காலம் மாறாமல் பராமரிக்கப்படும் பதிப்பு ஒன்றும் தனியாக இருக்கிறது. வேலை பார்க்கிறவருக்கு உகந்தது அந்த இரண்டாவது வகை என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். அன்றைக்கு முகவரின் ஆள் சொன்ன “வேலை செய்யுதெண்டால் அப்பிடியே விடுங்கோ” என்ற வசனத்தின் நாகரிகமான வடிவம்தான் அது. காணி எல்லைகளை வரைந்து பிளான் ஆக்கும் வேலைக்குக் கியூஜிஐஎஸ் ஆட்டோகேட்டுக்கு முழு மாற்றாகாது. ஆனால் பழைய வரைபடங்களை ஆள்கூற்றில் பொருத்திப் பார்க்க, செய்மதிப் படத்தோடு ஒப்பிட, இடத்தின் சூழலைக் காட்ட, அதற்கு இணை குறைவு.

அப்டேட்டின் இரண்டு முகம்

அப்டேட் எல்லாம் தொல்லை என்று சொல்வது அநியாயம். ஜிபிஎஸ் செய்மதிகள் வாரத்தை எண்ணும் முறையில் பத்து இருமங்கள்தான் உண்டு. 1024 வாரம் ஆனதும் எண்ணிக்கை மறுபடி பூச்சியத்துக்குப் போகும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரல் 6ஆம் திகதி நள்ளிரவில் மறுமுறை அது நடந்தது. உள்மென்பொருளைப் புதுப்பிக்காத பழைய வாங்கிகள் சில, அந்த இரவோடு இருபது ஆண்டு பின்னால் போய்த் திகதியைத் தவறாகச் சொல்லின. தயாரிப்பாளரின் அறிவித்தலைப் படித்து முன்கூட்டியே புதுப்பித்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ‘தொடாதே’ என்ற பழைய விதி தோற்ற இடம் அது.

மறுபக்கம், ஆட்டோகேட்டின் வரைபடக் கோப்பு வடிவம் 2000, 2004, 2007, 2010, 2013, 2018 என்று மாறிக்கொண்டே வந்தது. புதியதில் சேமித்ததைப் பழையது திறக்காது. கட்டடக்கலைஞர் அனுப்பிய கோப்பு சேவையரிடம் திறக்கவில்லை, அவர் பழைய வடிவில் சேமித்துத் திருப்பி அனுப்ப மறந்தார், இதனால் ஒரு நாள் போனது என்பது கொழும்பில் எந்தக் கந்தோரிலும் கேட்கக்கூடிய கதை. புதுப் பதிப்பை நிறுவியதும் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடுவதும் உண்டு. மீற்றரில் இருந்தது அங்குலமாகிவிடும். மூடு பிழையைப் பங்கிடும் முறை வேறாகிவிடும்.

வெளியுலகின் கவலைகளும் அதே அப்டேட்டில் ஏறி வருகின்றன. அமெரிக்கா 2022 இறுதியோடு தன் ‘அளவை அடி’யைக் கைவிட்டது. சர்வதேச அடிக்கும் அதற்கும் வித்தியாசம் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு. உலகம் முழுவதும் அளவை மென்பொருள்களின் மாற்றக் குறிப்பில் அது இடம்பிடித்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கையை அளக்கிறவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் தனக்கு வேண்டிய ஒரு வரி அந்த நீண்ட குறிப்புக்குள் எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டிய வேலை அவருடையதுதான். அன்றைக்கு அதைத் தேடித் தந்தது பெட்டியோடு வந்தவர்.

உதவி எங்கிருந்து வருகிறது

இன்று உதவி கேட்பது ஒரு படிவத்தில் தொடங்குகிறது. பதிப்பு இலக்கம், இயங்குதளம், பிழைச் செய்தியின் படம் எல்லாம் கொடுத்தால் ஒரு டிக்கெட் இலக்கம் வரும். சில நிறுவனங்களில் பதில் சொல்பவர் உண்மையிலேயே தேர்ந்தவர், தொலைவிலிருந்தே நம் திரையைத் திறந்து பிழையை நீக்கிவிடுவார். முன்பு முகவரின் ஆள் வர இரண்டு நாள் காத்திருந்த வேலை அரை மணியில் முடிந்துவிடும். இந்த வேகத்தை மறுக்க முடியாது.

ஆனால் அவருக்குத் தெரியாதவையும் உண்டு. உரிமைப் பிரிவினை வழக்கில் மாவட்ட நீதிமன்றம் ஆணை அனுப்பி, பழைய பிளானின் எல்லையைப் புது பிளானின்மேல் பொருத்திக் காட்டச் சொல்லியிருக்கிறது என்று எழுதினால் டிக்கெட்டுக்குப் பதில் சொல்கிறவருக்குப் புரியாது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. அந்தக் கேள்விகளுக்கு விடை வருவது சேவையர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் திரையைப் படம் எடுத்துப் போட, திருகோணமலையிலிருந்தோ குருநாகலிலிருந்தோ ஒருவர் குரல்பதிவில் பதில் சொல்வார். அருமையான ஏற்பாடு. ஒரே குறை, அந்தப் பதில் அடுத்த வாரமே வாழ்த்து அட்டைகளுக்கும் அரசியலுக்கும் கீழே புதைந்துவிடும். அதே கேள்வி அடுத்த மாதம் மறுபடி வரும்.

ஒரு கேற்றுக்கு மூன்று முகவரி

பயிற்சியில்தான் மாற்றம் பெரியது. தியத்தலாவை நிறுவனமும் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் புவியளவைப் பீடமும் இன்று பட்டதாரிகளை உருவாக்குகின்றன. அவர்களுக்கு அடிப்படை உறுதியாக இருக்கிறது. கந்தோரில் இருந்து வரைகிற உதவியாளருக்கு, களத்தில் கருவி பிடிக்கிற பையனுக்கு, யூடியூப்தான் ஆசான். தமிழில் தேடினால் தமிழ்நாட்டுக் காணொளிகள் நிறையவே வருகின்றன. ஆட்டோகேட், சிவில் 3டி, டோட்டல் ஸ்டேஷன் எல்லாவற்றையும் நல்ல தமிழில் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். ஆங்கிலம் தடையாக இருந்த ஒரு தலைமுறைக்கு இது பெரிய வரம்.

அந்தக் காணொளிகள் தமிழ்நாட்டு நிலத்துக்காகச் செய்யப்பட்டவை. அங்கே சென்ட், இங்கே பேர்ச் என்பது எளிதில் கண்ணில் படும் வித்தியாசம். கண்ணில் படாத வித்தியாசம் ஆள்கூற்று முறையில் இருக்கிறது. இந்தியப் பாடங்களில் யூடிஎம் 44 வடக்கு வலயத்தைத் தெரிவுசெய்யச் சொல்வார்கள். சென்னை அந்த வலயத்தில்தான் இருக்கிறது. இலங்கை முழுவதும் அதே வலயத்துக்குள்தான் விழுகிறது. ஆகவே பொடியன் அப்படியே பின்பற்றினால் மென்பொருள் முறைப்பாடு செய்யாது. செய்மதிப் படத்தில் காணி சரியான தெருவில் போய் அழகாக உட்காரும். எல்லாம் சரி என்றே தோன்றும். நில அளவைத் திணைக்களத்தின் தரவோடு சேர்க்கும்போதுதான் பொருந்தாது.

இலங்கைக்கென்று இரண்டு ஆள்கூற்று வலைகள் உண்டு. பழையது கண்டவல ஆதாரத்தில் அமைந்தது. அதில் பிதுருதலாகல மலைக்கு 200,000, 200,000 என்று ஆள்கூறு. புதியது எஸ்எல்டி99. அதே மலைக்கு அதில் 500,000, 500,000. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் கேற்றை எடுத்துக்கொள்வோம். கிழக்குத் தூரம் பழைய வலையில் ஏறக்குறைய 99,000 மீற்றர், புதிய வலையில் 399,000, யூடிஎம்மில் 374,000. ஒரே கேற், மூன்று முகவரி. பழைய வலையின் எண்ணைப் புதிய வலையென்று சொல்லிக் கொடுத்தால் வீடு மேற்கே 300 கிலோமீற்றர், தெற்கே 300 கிலோமீற்றர் தள்ளி இந்து சமுத்திரத்துக்குள் போகும். அந்தப் பிழையைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். கண்டவல எண்ணோடு முன்னூறாயிரத்தைக் கையால் கூட்டிவிட்டு “சரியாகிவிட்டது” என்று விட்டால், இரண்டு ஆதாரங்களுக்கும் இடையே எஞ்சியிருக்கிற வேறுபாடு அப்படியே உள்ளே தங்கிவிடும். அது கடலுக்குள் போகாது, பக்கத்துக் காணிக்குள் போகும்.

மென்பொருளில் தெரிவுசெய்ய வேண்டிய குறியீடு கண்டவல வலைக்கு 5234, எஸ்எல்டி99க்கு 5235. இரண்டு எண்ணும் பட்டியலில் அடுத்தடுத்த வரியில் நிற்கின்றன. எலி ஒரு வரி வழுக்கினால் போதும். இதைச் சொல்லித்தர ஒரு மணித்தியாலம் தேவையில்லை. தமிழில், இலங்கை உதாரணத்தோடு சொல்லத்தான் ஆள் வேண்டும்.

வானம் தெரியாத ஒழுங்கைகள்

கருவிகளின் பயிற்சிக்கும் இதே கதை. நில அளவைத் திணைக்களத்தின் நிலையான குறிப்பு நிலையங்களின் திருத்தத்தைக் கைபேசி இணையம் வழியாகப் பெற்று, ஒரு தடியை ஊன்றிச் சில விநாடிகளில் சென்றிமீற்றர் அளவுக்குப் புள்ளி எடுக்கலாம் என்று விற்பனையாளரின் காணொளி காட்டும். அது திறந்த வயல்வெளியில் எடுத்த காணொளி. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் கதை வேறு. எண்பதுகளில் தென்னையும் மாமரமும் நின்ற எட்டுப் பேர்ச், பத்துப் பேர்ச் வளவுகளில் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. இரு பக்கச் சுவர்களுக்கு நடுவே வானம் ஒரு நாடா அளவுதான் தெரியும். செய்மதியின் சமிக்ஞை கண்ணாடியிலும் கொங்கிரீட்டிலும் பட்டுத் தெறித்து வரும். திரையில் ‘பிக்ஸ்’ (உறுதி) என்று இருந்தது ‘ப்ளோட்’ (உறுதியற்றது) ஆகும், மறுபடி ‘பிக்ஸ்’ ஆகும். அந்தப் பச்சை எழுத்தை நம்பி மூலைப் புள்ளியை எடுத்துக்கொண்டு போனால், பிறகு மதிலோடு பொருந்தாது. காலி வீதியில் வானம் திறந்த இடத்தில் இரண்டு புள்ளி வைத்து, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனால் ஒழுங்கைக்குள் இறங்குவதுதான் வழி. மடக்கை வாய்பாட்டுக் காலத்துச் சுற்றளவையும் மூடு பிழையும் அங்கே அப்படியே தேவைப்படுகின்றன.

கொட்டாஞ்சேனையில் இன்னொரு வகைச் சிக்கல். ஜம்பட்டா வீதியையும் புனித லூசியா பேராலயச் சுற்றாடலையும் ஒட்டிய பழைய வீடுகளில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். எல்லை சுவரின் நடுவிலா, இந்தப் பக்க ஓரத்திலா என்பதை மென்பொருள் சொல்லாது. பழைய பிளானை வருடி உள்ளே எடுத்து, கண்ணியை மீற்றராக்கி, இன்றைய அளவின்மேல் பொருத்தும் வேலையை அது நொடியில் செய்துவிடும். பொருந்தாத மூன்று அங்குலத்துக்குக் காரணம் தாள் சுருங்கியதா, சுவரைத் திருப்பிக் கட்டினார்களா என்று முடிவுசெய்வது அங்கே நிற்கிறவர். மேலே மேலே வீடு கட்டும் தொடர்மாடிகளில் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு மாடிக்கும் தனிப் படம் வரைய வேண்டும். எது தனி உரிமை, எது பொது உரிமை என்று கோடு போட வேண்டும். மாடிப்படிக்கும் மொட்டைமாடிக்கும் பின்னால் வரும் சண்டைகள் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகின்றன.

பொறுப்பு யாருடையது

2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்று, ஆண்டுதோறும் தொழில் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டவர்தான் பிளானில் கையெழுத்து வைக்கலாம். மென்பொருள் உரிமத்தில் நாம் படிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்தும் பக்கத்தில், கணக்கில் பிழை வந்தால் நிறுவனம் பொறுப்பேற்காது என்று எழுதியிருக்கும். நீதிமன்றத்தில் கூண்டில் ஏறுகிறவர் சேவையர். மென்பொருள் அப்டேட் ஆனதால் வந்த பிழை என்று அங்கே சொல்ல முடியாது.

அப்படியானால் அன்றைய ஏற்பாட்டுக்குத் திரும்ப முடியுமா? முடியாது, தேவையுமில்லை. முகவரின் ஆள் தெரிந்ததை மட்டும் சொன்னார், தெரியாததைத் தொடாதே என்றார். கேட்டால் கிடைக்கும் அறிவு இன்று அன்றையதைவிடப் பல மடங்கு. குறைவது, பிரிந்துபோன அந்த மூன்று காரியங்களையும் திரும்ப ஒன்றாகக் கட்டும் கை. அதைக் கட்டப் பெரிய நிதி வேண்டியதில்லை. கந்தோருக்கு ஒரு பழைய காணி வேண்டும்: கையால் கணக்குப் போட்டு, எல்லை நிச்சயமாகத் தெரிந்த, விடை எழுதி வைத்த ஒரு காணி. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அதன் புள்ளிகளை மறுபடி உள்ளே கொடுத்துப் பார்க்கட்டும். மூடு பிழையும் பேர்ச்சும் ஆள்கூறும் பழைய விடையோடு ஒத்தால் அந்தப் பதிப்பை நம்பலாம். ஒக்காவிட்டால் பிழை எந்தப் பக்கம் என்று தேடும்போதே புதிதாய் வந்த உதவியாளருக்குப் பயிற்சி நடந்துவிடும். தொழில்சார் நிறுவனங்கள் இப்படியொரு மாதிரிக் காணியைப் பொதுவில் வைத்து, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடத்தும் வகுப்பை இரண்டு மணித்தியாலம் தமிழிலும் நடத்தினால் போதும். வாட்ஸ்அப்பில் நள்ளிரவில் வரும் கேள்விகளில் பாதி குறையும்.

வாங்குகிறவர் பிளானை மடித்தே வைத்துக்கொள்ளட்டும். அந்த நம்பிக்கைக்குத்தான் அவர் கட்டணம் கொடுக்கிறார். அதற்குத் தகுதியாக இருக்க, மென்பொருளின் புதுப் பதிப்பை விடத் தன் பழைய விடைத்தாளை அதிகம் நம்பும் சேவையர் வேண்டும்.